உஷார்! “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்களா?

அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இதை முழுசாகப் படிக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் வீட்டு ஆளைத் திருப்பி அனுப்பினால், அதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே போனதற்கு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையென்றால், யார் பதில் சொல்வார்கள்? எதற்குப் பதில் சொல்வார்கள்?

ஏதோ வடநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நம் ஊரில், நம் பக்கத்து வீட்டில் நடப்பது.

டெல்டா பக்கத்துக் கிராமம். புருஷன் கொத்தனார், பெண்டாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் சாயங்காலம் மொபெட்டில் வந்துகொண்டிருந்தவரை எதிரே வந்த வேன் இடித்துவிட்டுப் போய்விட்டது. தலையில் அடி. ரத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு தடவை வாந்தி. யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றித் தாலுகா ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போனார்.

ஓ.பி. சீட்டு போட்டார்கள். நர்ஸ் கட்டுப் போட்டார், ஊசி போட்டார். இரவுப் பணியில் ஒரே ஒரு டாக்டர், அவர் பிரசவ வார்டில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். “ஸ்கேன் மிஷின் இங்க ஓடலைம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. நேரம் கடத்தாதீங்க.” அவ்வளவுதான். எழுதித் தரவில்லை. 108-ஐக் கூப்பிடவும் இல்லை. கையிலிருந்த ஓ.பி. சீட்டையும் “இது எங்ககிட்ட இருக்கணும்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத்தான் மூளை வேலை செய்யும்? கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ, காத்துக்கொண்டிருந்த மாதிரி. “அங்க போனா பெட் கிடைக்கவே விடிஞ்சுடும்க்கா. நம்ம ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, நல்லா பார்ப்பாங்க.”

போனார்கள். உள்ளே விடும்போதே 40,000 ரூபாய் அட்வான்ஸ். “காப்பீட்டு அட்டை இருக்குங்க” என்றாள். “அதெல்லாம் இங்க எடுக்க மாட்டோம்.” தோடு போனது, தாலிச் செயின் அடகுக்குப் போனது, மச்சினன் வட்டிக்கு வாங்கி வந்தான். பணம் தீர்ந்த அன்று, “இனிமே அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கலாம்” என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இடது கை தூக்க வரவில்லை. கரண்டி பிடித்துப் பூசிய கொத்தனார் இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் ‘விதி’ என்று விட்டிருப்பார்கள். மச்சினன் விடவில்லை. முதல் நாள் ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை, ஏன் 108-இல் அனுப்பவில்லை என்று கேட்டுத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தான். பதில் வந்தது. ஒரே பக்கம். முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். மேற்படி நோயாளிக்கு முதலுதவி அளிக்கப்பட்டது. மருத்துவர் பரிசோதிக்கும் முன்பே மேற்படியார் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனையை விட்டு வெளியேறிவிட்டார். பதிவேட்டு நகல் இணைப்பு.

நகலைப் பார்த்தால், அவர் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை: ‘அப்ஸ்காண்டட்’. ஓடிப்போனார்.

தலையில் அடிபட்டு, நிற்க முடியாமல், பெண்டாட்டி தோளில் சாய்ந்துகொண்டு போனவர் ஓடிப்போனவராம்!

யாரிடம் போய் இல்லையென்று நிரூபிப்பீர்கள்? “போங்க” என்று சொன்னது வாய். எழுதியிருப்பது பேனா. விசாரணையில் பேனாதான் ஜெயிக்கும்.

இதில் எனக்கு இன்னும் வயிறு எரியும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் மட்டும் என்று இல்லை. பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனையிலும் உண்டு. காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி, தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டால் போதும். ஆட்டோக்காரர் கூட்டிப்போன இடம் அந்தப் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். கேட்கத் தெரியவில்லை, சொல்லவும் ஆள் இல்லை.

சரி. இனி எதையெல்லாம் பார்த்தால் உங்கள் மனதில் மணி அடிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சீட்டு இல்லாமல் அனுப்புகிறார்களா? ஆபத்து!

மேல்சிகிச்சைக்கு அனுப்புவது தப்பே இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் மூளை அறுவைச் சிகிச்சை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அனுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. என்ன நிலையில் வந்தார், என்ன ஊசி போட்டோம், ஏன் அனுப்புகிறோம், எங்கே அனுப்புகிறோம், எத்தனை மணிக்கு அனுப்புகிறோம் என்று எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் அத்தாட்சிக்கு மட்டும் அல்ல அது. அடுத்த ஆஸ்பத்திரி டாக்டருக்கும் அதுதான் வழிகாட்டி. அங்கே என்ன ஊசி போட்டார்கள் என்றே தெரியாமல் இங்கே எப்படி மருந்து கொடுப்பார்?

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியைக் கொண்டு போவதும் 108-இன் வேலைதான். இலவசம். “ஆட்டோ பிடிச்சுப் போயிடுங்க” என்றால் நீங்களே 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த வளாகத்திலிருந்தே கூப்பிடுங்கள். வண்டி வருவது ஒரு பக்கம். நீங்கள் அங்கிருந்து எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பது அங்கே பதிவாகிவிடும். பிற்பாடு ‘ஓடிப்போனார்’ என்று யாரும் எழுத முடியாது. ஓடிப்போகிறவன் ஆம்புலன்ஸ் கூப்பிட்டுவிட்டா ஓடுவான்?

ஆனால் ஒன்று. தலையில் அடி, நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி... இப்படி வந்த இடத்தில் சீட்டுக்காக நோயாளியை நிறுத்தி வைத்துச் சண்டை போடாதீர்கள். நோயாளி முதலில் வண்டியில் ஏறட்டும். கூட வந்தவர்களில் ஒருவர் பின்தங்கி நின்று சீட்டை வாங்கிக்கொண்டு வரட்டும். அதனால்தான் சொல்கிறேன், அவசரத்துக்கு எப்போதும் இரண்டு பேர் போங்கள். ஒருவர் நோயாளிக்கு, ஒருவர் காகிதத்துக்கு. ஓ.பி. சீட்டைக் கையில் வாங்கிய நிமிஷமே செல்போனில் ஒரு படம். அப்புறம் யார் கேட்டாலும் கொடுங்கள்.

“போலீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்களா? பெரிய ஆபத்து!

இந்தப் பேச்சு இன்னும் காதில் விழுகிறது, குறிப்பாகச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில். உச்ச நீதிமன்றம் 1989-இலேயே இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பர்மானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவரைக் கார் அடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸ் பார்ப்பது நாங்கள் இல்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தச் செய்தியை வைத்துத்தான் வழக்கே வந்தது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, மற்ற சடங்குகள் எல்லாம் அப்புறம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொண்டு வந்து சேர்த்தவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்கிறது. ஆகவே ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் பயப்படாமல் தூக்குங்கள்.

நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களா? நில்லுங்கள்!

இதுதான் யாருக்கும் தெரியாத குழி. அட்மிஷன் போட்ட இடத்திலிருந்து மாற்றும்போது, அல்லது “நீங்க வேணா வேற எங்கயாவது பாருங்களேன்” என்று ஜாடையாகச் சொல்லிவிட்டு, ஒரு தாளை நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்பது அதன் அர்த்தம். வார்டில் இதை ‘ஏ.எம்.ஏ.’ என்பார்கள். நாம் பிடிவாதம் பிடித்துக் கூட்டிப்போனால் அதில் கையெழுத்துப் போடுவது நியாயம். அவர்கள் போகச் சொல்லிவிட்டு நம்மிடம் வாங்கினால்? அன்றைக்கு அவர்கள் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

“இதுல என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அப்படியும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: ‘இங்கு வசதி இல்லை என்று சொன்னதால் அழைத்துச் செல்கிறோம்.’ நேரத்தையும் போடுங்கள். அந்த ஒரு வரி பிற்காலத்தில் ஒரு வக்கீலுக்குச் சமம்.

வெள்ளைத் தாளில் மருந்துப் பெயரா? கவனம்!

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஆரம்பிக்கப்பட்டது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அமைப்பு அது. அப்படியிருந்தும் சில நேரம் ஸ்டாக் தீரும், உண்மைதான். அந்த மாதிரி நேரத்தில் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் கிழித்த காகிதத்தில் பெயரெழுதி, “எதிர்க்கடையில வாங்கிட்டு வாங்க” என்றால் யோசியுங்கள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, தேதி இல்லை. ஒன்று கேளுங்கள், அதட்டாமல்: “டாக்டர், இதை ஓ.பி. சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்களேன்.” ஸ்டாக் உண்மையிலேயே இல்லையென்றால் எழுதுவார். எழுதத் தயங்கினால் மருந்தகத்தில் போய் இன்னொரு தடவை விசாரியுங்கள். பல சமயம் உள்ளேயே இருக்கும்.

நாய்க்கடிக்கு மட்டும் இந்த விசாரணையெல்லாம் வேண்டாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி ஒன்றும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையம். “ஊசி இல்லை, நாளைக்கு வாங்க” என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 104-ஐக் கூப்பிட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே ஓடுங்கள். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசியும் வேண்டும், அது பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கும். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று அரசு மையத்தில் தேதி எழுதித் தருவார்கள். ஒன்றையும் விடக்கூடாது. வெறிநோய் வந்தபிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. கிடையவே கிடையாது.

“பையன் பொறந்திருக்கான், ஏதாவது பார்த்துக் குடுங்க...”

பிரசவ வார்டு வாசலில் இந்தச் சிரிப்பு எல்லாருக்கும் தெரியும். பையனுக்கு ஒரு ரேட், பொண்ணுக்கு ஒரு ரேட். ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு தொகை, குழந்தையைக் காட்ட ஒரு தொகை. “சந்தோஷத்துக்குக் குடுக்கறதுதானே” என்று நாமும் கொடுத்துப் பழக்கிவிட்டோம். கூடை பின்னி விற்கிறவள் அந்த ஐநூறுக்கு எங்கே போவாள் என்று யாரும் நினைப்பதில்லை.

2011 ஜூன் 1 முதல் நாடு முழுக்க ‘ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்’ அமலில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பைசா கிடையாது. சிசேரியனுக்கும் கிடையாது. மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கியிருக்கும் நாட்களுக்குச் சாப்பாடு, வீட்டில் கொண்டுவந்து விடுவது எல்லாம் இலவசம்.

பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதும் இப்போது குற்றம்! வேறு வழியில்லாமல், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு, ஆனால் கொடுத்த 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். குழந்தைக்குப் பேர் வைத்து, மூன்றாம் மாசம் நிதானமாகப் புகார் எழுதலாம் என்று இருந்தால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். 7 நாள். மறக்காதீர்கள்.

காப்பீட்டு அட்டை பீரோவில் தூங்குகிறதா?

எழுப்புங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-இல் பெயர் மாறிய திட்டம்தான் இது. பழைய அட்டையை வைத்துக்கொண்டு இருக்கிறது, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் பலர். ஆஸ்பத்திரியில் நம்பரைத் தட்டினால் வராது. மருமகள் பெயர் சேர்க்காமல் இருக்கும், பேரன் பெயர் இருக்காது, ரேஷன் கார்டு மாறியிருக்கும். இதெல்லாம் நெஞ்சுவலி வந்த ராத்திரி கண்டுபிடிக்கிற சமாசாரமா?

நல்லா இருக்கும்போதே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, அட்டை உயிரோடு இருக்கிறதா, யார் யார் பெயர் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பக்கம் எந்தெந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வியாதிக்கும் இது வராது. புறநோயாளியாகக் காட்டும் காய்ச்சலுக்கு வராது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். ஆனால் பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரி, பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு, “இப்ப கட்டுங்க, காப்பீடு வந்ததும் திருப்பித் தர்றோம்” என்றால் அங்கேயே நின்றபடி அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு மேஜை இருக்கும், அங்கே முதலில் போங்கள். கேஷ் கவுண்டருக்கு அப்புறம் போகலாம்.

“நாங்க ஏழைங்க, கேள்வி கேட்டா வைத்தியம் பார்ப்பாங்களா?” என்று என்னிடம் கேட்காத தாய் இல்லை. நியாயமான பயம்தான். ஆனால் அரசு ஆஸ்பத்திரி தானம் கொடுக்கும் இடம் இல்லையே அம்மா. நீங்கள் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பித்து கல்கத்தாவின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் வரை வரிசையாக ஏறி இறங்கினார்கள். ஒரு இடத்தில் வசதி இல்லை, இன்னொரு இடத்தில் பெட் இல்லை. கடைசியில் தனியாரில் சேர்த்து ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவு. அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி என்ற அந்தச் சங்கத்தின் பெயரிலேயே 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவசர நேரத்தில் அரசு ஆஸ்பத்திரி சிகிச்சை தர மறுப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையையே மீறுவது. காசு இல்லை என்று சொல்லி அரசு இதிலிருந்து தப்ப முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வைத்தார்கள்.

அவர் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது போனார், அங்கே என்ன செய்தார்கள் என்று விசாரணையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க முடிந்தது. பதிவு இருந்தது. நம் கொத்தனாருக்கு அது இல்லை.

அரசுக்குக் காசு இல்லையா என்றால், அது வேறு கதை. 2017-இல் போட்ட தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். அதே வருஷம் நாட்டில் மருத்துவத்துக்குச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்கள் தங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. தோடு, செயின், நிலப் பத்திரம் எல்லாம் அந்த 39-க்குள் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே டாக்டரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் பிரசவத்தை விட்டுவிட்டு வந்திருந்தால் அங்கே ஒரு உயிர் போயிருக்கலாம். ஏன் ஒரே டாக்டர்? காலிப் பணியிடம் எத்தனை மாசமாகக் காலி? ஸ்கேன் மிஷின் எப்போது பழுது, யாருக்குக் கடிதம் போட்டார்கள்? கேள்வி அங்கே போக வேண்டும். ஆத்திரத்தில் நர்ஸ் மேல் கை வைத்தீர்களோ, தொலைந்தது. மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 2008-இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் வர முடியாது. உங்கள் புகார் காணாமல் போய் அவர்கள் புகார் மட்டும் நிற்கும்.

அந்த நிமிஷத்தில் வார்டிலிருந்தே பேசக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நிலைய மருத்துவ அலுவலர், ஆர்.எம்.ஓ. என்பார்கள். அவர் அறை எங்கே என்று கேட்டுப் போங்கள். கதவு திறக்கவில்லையா, 1100-க்குப் போன் போடுங்கள், முதல்வரின் முகவரித் துறைக்குப் போகும் எண் அது. புகார் எண் ஒன்று தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து, நியாயம் கேட்க வேண்டும் என்று தோன்றினால் எங்கே போவது? நுகர்வோர் நீதிமன்றம் என்று யாராவது சொல்வார்கள். அலையாதீர்கள். எல்லாருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு ஆஸ்பத்திரி அதற்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் வாங்கிய தனியார் ஆஸ்பத்திரி மேல் போடலாம். அரசு ஆஸ்பத்திரி என்றால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, நடந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு மேல் உயர் நீதிமன்றம், சென்னையிலோ மதுரையிலோ.

ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதம். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில்.

‘ஏன் சிகிச்சை அளிக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். அன்றைய தேதியில் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அன்று இரவுப் பணியில் யார் யார் இருந்தார்கள் என்ற பணிப்பட்டியல். ஸ்கேன் இயந்திரம் பழுதான தேதி, அதைச் சரிசெய்யக் கேட்டு அனுப்பிய கடிதங்கள். இன்ன மருந்தின் அன்றைய இருப்புப் பதிவேடு. இவற்றைத் திருத்தி எழுதுவது லேசில்லை.

அனுப்பும் முகவரியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வரும், மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகர நல அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரி ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது, மாவட்டத்தில் அதன் தலைமை இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன், அவருக்கு மேலே மருத்துவக் கல்வி இயக்ககம். ஒருவருக்கு எழுத வேண்டியதை இன்னொருவருக்கு எழுதினால் மேஜை மேஜையாகச் சுற்றும், உங்களுக்கு மாசக்கணக்கில் போகும். பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

தபாலில் போட்டால் ஒப்புகை அட்டையுடன் போடுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மற்றதில் தேதியும் முத்திரையும் குத்தி வாங்கும் வரை அந்தக் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.